ஆக்லாந்து – வான்கூவர்

எங்கள் கடைக்குள்ளிருந்து பார்த்தால்
ரயில்வே கேட் தெரியும்.
நீடாமங்கலத்தில் டிக்கெட் போடுகிறவள்
முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்:
திருச்சி விமான நிலையம் இரண்டரை மணி நேரம்,
கேட்டுக்கு முக்கால் மணி தனி.
டிக்கெட்டில் இது அச்சாவதில்லை.
பேனாவால் எழுதித் தருவேன்.

அமிர்தகடேசன் டிக்கெட் வாங்க வரவில்லை.
மூணாறு தலைப்பில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
நின்றபடியே கேட்டார்:
"ஆக்லாந்துலேருந்து வான்கூவர் எவ்வளவு தூரம்மா?"

"திருச்சியிலேருந்தா?"
"இல்ல. அங்கேருந்து அங்க."

இந்த ஊரில் யாரும் கேட்காத தூரம்.
ஷார்ஜாவோ சிங்கப்பூரோ,
எங்களுக்கு எல்லாமே இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.
தட்டிப் பார்த்தேன்.
பதினோராயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நேர் விமானம், பதின்மூன்றரை மணி நேரம்.
கீழே முழுக்கக் கடல்.

"நடுவுல மதகு ஒண்ணும் கிடையாதா?"

சிரிப்பதா என்று தெரியவில்லை.
"மேட்டூர்ல தொறந்தா இங்க வர எத்தனை நாளுன்னு
தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.
கல்லணை தாண்டி, வெண்ணாத்துல வந்து,
நம்ம தலைப்புல மூணாப் பிரியும்.
கோரையாத்துல போற தண்ணி
அப்புறம் பாமணியைப் பாக்காது.
எல்லாம் கடல்லதான்."

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
வெள்ளி இரவு எட்டுக்கு ஆக்லாந்தில் ஏறினால்
அதே வெள்ளி மதியம் இரண்டரைக்கு
வான்கூவரில் இறங்கலாம்.
இரண்டு தடவை விரல்விட்டு எண்ணினார்.
"கெளம்புறதுக்கு முன்னாடியே
போய்ச் சேந்துடுதா?"
தேதிக்கோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.
அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அப்புறம்தான் சொன்னார், கேட்டைப் பார்த்தபடி.
போன தை மாதம் அவர் மனைவி கடைசியாகக் கிடந்தபோது
அபயாம்பிகை ஆக்லாந்திலிருந்து
ஒரு வாரம் முன்பே வந்திருந்தாள்.
ஞானவேல் சேதி கேட்டு வான்கூவரில் ஏறி
மூன்று விமானம் மாறி
முப்பத்தோரு மணி நேரம் வந்து
இந்தக் கேட்டில் நின்றான்.
சரக்கு ரயில். எஞ்சினைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினார்கள்.
இருபத்தெட்டு நிமிடம்.

"பொழுது சாயுதுன்னாங்க.
அவதான் எடுக்கச் சொன்னா.
என் தம்பி மவன் கொள்ளி வச்சான்."

'காரை விட்டுட்டு ஓடி வந்திருக்கலாம்ல' என்று அவளும்
'கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கலாம்ல' என்று அவனும்
கேட்டதோடு சரி.
பதினோராயிரத்துச் சொச்சத்தில்
அதற்குப் பிறகு பேச்சில்லை.

அச்செடுத்துத் தரச் சொன்னார்,
தூரமும் நேரமும் மட்டும், இரண்டு பிரதி.
"போன்ல அனுப்பிடலாமே?"
"தபால்ல போகட்டும். மெதுவாப் போகட்டும்."
"கூட என்ன எழுதுவீங்க?"
"ஒண்ணும் எழுத மாட்டேன்."

பத்து ரூபாயை மேஜையில் வைத்தார்.
நான் வேண்டாமென்று எழுவதற்குள்
தண்டவாளம் தாண்டிவிட்டார்.
கேட் இறங்கியது.
அந்தப் பக்கத்திலிருந்து
காகிதத்தை உயர்த்தி ஏதோ கேட்டார்.
கிலோமீட்டரா மைலா என்பதாக இருக்கலாம்,
வேறேதுமாகவும் இருக்கலாம்.
காதில் கையைக் குவித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.
நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகள்
ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றன்பின் ஒன்றாக,
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.