ஓட்டைக் காலணா

ஞாயிற்றுக்கிழமை லாங் பஜாரில்
அதாவுல்லா சாக்கு விரிக்கும்போதே போய் நிற்பேன்.
பூட்டில்லாத சாவிகள், ரேடியோத் திருகு,
ஒற்றைக் கொலுசு,
அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா.
அதில்தான் என் ராஜாக்களும் ஒரு ராணியும்.

"புளி போட்டுத் தேச்சி வெச்சிருக்கேன் மேடம்,
தங்கமாட்டம் மின்னுது பாருங்க."
ஐயோ என்றேன்.
நூற்றைம்பது வருடமாகச் செம்பு
தனக்குத்தானே நெய்துகொண்ட பழுப்புச் சட்டையை
ஓர் உருண்டைப் புளி உரித்துவிட்டது.
ராணியின் கன்னம் வழுக்கியது.
எழுந்தவளைக் கூப்பிட்டு
தேய்க்க மறந்த ஒன்றைத் தந்தார்:
பித்தளை வில்லை.
அரசன் இல்லை, வருடம் இல்லை,
ஓரத்தில் துளை, நடுவில் 117.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப் டோக்கனாம்.
கேண்டீனுக்கா கூலிக்கா, அவருக்கும் நிச்சயமில்லை.
முகர்ந்து பார்த்தேன்.
பித்தளை வாசம்தான்.
நாற்பது ரூபாய்.

ராஜாவின் அங்கியில் இருந்த யானையை
பன்றி என்று ஜனங்கள் முணுமுணுக்க
அவசரமாகத் திரும்பப் பெற்றார்களே, 1911-ம் வருட ரூபாய்,
அதை வாங்க என் சம்பளம் போதாது.
எனக்கு அணா, பைசா, பை.
எனக்கு 117.

மற்ற ஆறு நாளும் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுக்கிறேன்.
அங்கேயும் காசு வரும்,
குழந்தைகளின் தொண்டையில்.
படத்தில் எல்லாக் காசும் ஒன்றுதான், வெள்ளை வட்டம்.
சிங்கம் தெரியாது, கிரீடம் தெரியாது,
எவர் ஆட்சி என்பதும் தெரியாது.

புரட்டாசியில் ஒரு ராத்திரி
ஒடுகத்தூரிலிருந்து அஞ்சலாட்சி வந்தாள்,
இடுப்பில் இரண்டு வயது.
"இன்னாத்தயோ முழுங்கிட்டாம்மா,
எச்சி ஊத்திக்கினே கீது."
காறை எலும்புகளுக்கு நடுவே
வளையம்.
வட்டமில்லை, வளையம். நடுவில் கறுப்பு.

வாஷர் என்றார் டியூட்டி டாக்டர்.
காலணா என்றேன்.
"நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்தேழுக்கும் இடையில், சார்.
வெண்கலம். இருபத்தோரு மில்லிமீட்டர், இரண்டு கிராம்.
ஓரம் கூர்மை கிடையாது. பேட்டரி இல்லை, பயப்படாதீங்க."
அவர் என்னைப் பார்த்த பார்வையை
ஆல்பத்தில் எந்தப் பக்கம் செருகுவதென்று
இன்னும் தெரியவில்லை.

யுத்தத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க
வயிற்றைக் குத்தி எடுத்த காசு.
அந்த ஓட்டை வழியாகத்தான் பிள்ளை
மூச்சு விடுகிறான் என்று ஒரு கணம் தோன்றியது.
அது உணவுக்குழாய்.
மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை,
எனக்கே தெரியும்.

அரைஞாணில் கட்டியிருந்ததாம்.
அவள் புருஷன், புருஷனின் அண்ணன்,
எல்லா இடுப்பிலும் இருந்து இறங்கி வந்த காசு.
கயிறு இற்றுப்போனதை யாரும் பார்க்கவில்லை.

விடியற்காலை எடுத்துவிட்டார்கள்.
தட்டில் அது விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை.
வார்டுக்குப் போனேன்,
போயிருக்கக் கூடாது.
"வருஷம் மட்டும் பாத்துட்டுத் தரட்டுமா?"
கிரீடம் தட்டையா, உருண்டையா?
நாற்பத்து மூன்றின் தட்டைக் கிரீடம்
என்னிடம் இல்லை.

அஞ்சலாட்சி முந்தானை முடிச்சைத் தொடவில்லை.
"கண்டம் கயிஞ்சிட்ச்சி. ஆத்துல உடணும்."
பாலாற்றில் மணல்தானே,
அதுவும் லாரிகள் விட்டுவைத்த மணல்.
"தண்ணி வரட்டும்" என்றாள்.
ஐந்நூறு தருகிறேன் என்பது வாய்வரை வந்தது.
அவள் மடியில்
கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய பிள்ளை
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
முழுங்கிவிட்டேன்.

கார்த்திகையில் ஆறு வந்தது.
பாலத்தின் மேல் ஊரே நின்றது, போனை உயர்த்தி.
நானும் நின்றேன்.
அந்தச் செம்மண் வேகத்தில்
இரண்டு கிராம் வெண்கலம்
எவ்வளவு தூரம் உருளும் என்று
விரல் மடக்கிக்கொண்டு.

ஆல்பத்தில் 1943 என்று எழுதிய பை
காலியாக இருக்கிறது.
117 அதற்குள் போகாது.
போட்டுப் பார்த்தேன்.