மதகு வரை நடை

ஓடினால் சதை கரையும் என்கிறான் கஜரூபன்.
கரடிப்போக்குச் சந்திக்குப் பின்னால் தகரக் கொட்டிலில்
எண்பது கிலோவை நெஞ்சுக்கு மேல் பிடித்தபடி சொல்கிறான்,
ஆகவே மறுத்துப் பேச ஆளில்லை.
"மரதன்காரனைப் பார், முருங்கைக்காய்.
நீ அப்பிடி ஆகப் போறியோ?"

நானும் கணக்குப் பார்க்கிறவன்தான்.
நாளொன்றுக்குப் பன்னிரண்டு முட்டை வெள்ளை.
மஞ்சட்கரு பக்கத்து வீட்டு நாய்க்கு,
அது என்னை விடத் திரண்டுவிட்டது.
புரதமா டின் ஒன்றின் விலை
அரிசி ஆலையில் பதினெட்டு நாள் மூட்டை தூக்கின கூலி.
இவ்வளவும் தின்று கட்டின தொடையைக் கொண்டுபோய்
கிரவல் றோட்டில் கொட்டுவதா?

ஆனால் அந்த மாசிமாதம்,
லொறி நின்ற வெயிலில்,
நாற்பதாவது மூட்டையோடு என் மூச்சு
எனக்கு முன்னால் இறங்கிப் போய்
வேலிக்கரையில் குந்திவிட்டது.
பக்கத்தில் செல்வபாக்கியம் அண்ணை,
கையில் சதையென்று சொல்ல ஒன்றுமில்லை,
வெற்றிலையை மற்றக் கொடுப்புக்கு மாற்றிவிட்டு
நாற்பத்தொன்றைத் தூக்கினார்.

அடுத்த நாள் நாலே முக்காலுக்கு
இரணைமடுக் கட்டில் நின்றேன்.

முதல் கால் மைலில் முழங்கால் பேசியது.
அரை மைலில் முதுகு.
அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாகப் பேசியதில்
எது என்ன சொன்னதென்று விளங்கவில்லை.
ஓரிடத்தில் ஆனைச் சாணம், ஆவி பறந்தபடி.
அதிலிருந்து நூறு யார் மட்டும்
நான் நன்றாகவே ஓடினேன்.

மாகாணப் போட்டிக்கு ஓடிப் பழகும்
வட்டக்கச்சிப் பெட்டை ஒருத்தி
வெறுங்காலோடு இரண்டு தரம் என்னைக் கடந்தாள்.
மூன்றாம் தரம் கொஞ்சம் மெதுவாகி,
"அண்ணை, இவ்வளவு பாரத்தையும்
எங்கை கொண்டு போறியள்?" என்றாள்.
மூச்சு இருந்திருந்தால்
ஏதாவது சொல்லியிருப்பேன்.

கண்ணாடிக்குத் தெரியாத தசை ஒன்று உள்ளே கிடக்கிறது.
எண்ணெய் பூசி மேடையில் ஏற்ற முடியாது.
நடுவர் புள்ளி போடார்.
லீவு கேட்காத கூலி.
அதற்கு நான் இதுவரை ஒரு முட்டையும் கொடுத்ததில்லை.

ஆறு கிழமை.
தொடையில் அரை அங்குலம் போயிற்று.
கஜரூபன் அளவுநாடாவைச் சாட்சிக்குப் பிடித்து
எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்.
ஸ்குவாட்டில் எட்டுக்குப் பிறகும்
எனக்குள் இன்னும் மூன்று இருந்ததை
அவன் எண்ணவில்லை.
யாழ்ப்பாணத்துப் போட்டியில் நாலாமிடம்.
ஓடினபடியால் என்று ஒரு பக்கம்,
முந்தியே ஓடாதபடியால் என்று மற்றப் பக்கம்.
தேத்தண்ணிக் கடையில் இன்றும் முடிவில்லை.

கஜரூபனுக்கு ஒளித்துத்தான்
இருட்டில் போகிறேன் என்று கதை.
அவனுக்கில்லை.

முதல் நாள் படலையில் இருந்தே ஓடத் தொடங்கினேன்.
ஏதோ நினைத்துத் திரும்பிப் பார்த்தால்
அம்மா முற்றத்தில் நிற்கிறா.
ஒரு கையில் அடையாள அட்டைகள் போட்ட பை,
மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தல்,
செருப்பும் போட்டாயிற்று.
என்ன நடந்தது என்று கேட்கவில்லை.
"எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டா.

அன்றையிலிருந்து மதகு வரை நடை.
அங்கே சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு
அப்பால் ஓட்டம்.
வரும்போதும் மதகுக் கட்டில் இருந்து,
வாய்க்கால் தண்ணியில் முகத்தைக் கழுவி,
நெஞ்சு அடங்குமட்டும் பார்த்திருப்பேன்.
இப்போதெல்லாம் அது கெதியாக அடங்குகிறது.

பிறகு எழும்பி
வயலுக்குத் தண்ணி திருப்பப் போய் வந்தவன் மாதிரி
மெல்ல நடப்பேன்.
படலையை இழுக்காமல் தூக்கித் திறந்தால்
சத்தம் வராது.