பொட்டலம் முப்பத்தேழு

ஆறரை மணி. வெறும் வயிறு.
முழங்கை மடிப்பில் குழாயொண்டைச் செருகிப்போட்டு
மிஸ்ஸி சொன்னா:
"வருத்தம் இன்னும் வரல்ல.
எல்லையில நிக்கிறீங்க."

எல்லை எனக்குத் தெரியாததா?
மட்டக்களப்பு – கல்முனை பஸ்ஸில பதினெட்டு வருசம் கொண்டக்டர்.
இறக்கி, வரிசையில நடக்கவச்சு, பையைக் கொட்டவச்சு,
மறுகா ஏறச் சொன்ன இடமெல்லாம்
தூக்கத்திலயும் சொல்லுவேன்.
ரத்தத்துக்குள்ளயும் ஒண்டு கிடக்கெண்டு
இண்டைக்குத்தான் கேள்வி.

அண்ணனுக்குப் பெருவிரல் போனது
இதே ஆஸ்பத்திரியில, மேல் மாடியில.
அதனாலதான் கையெழுத்து வச்சேன்.

வெள்ளைத் தூள்.
சில பேருக்கு அமினோ அமிலம், சில பேருக்குச் சும்மா மா.
ஆருக்கு எது எண்டு
கொழும்பில ஒரு அலுமாரிக்குத்தான் தெரியுமாம்,
கரைச்சுத் தாற மிஸ்ஸிக்கும் தெரியாது.
அதைக் குடிச்சு அரை மணியால சீனித்தண்ணி,
பிறகு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ரத்தம்.
சீனி வருது, எழும்பு எண்டு
இந்தத் தூள் கணையத்தை முன்னுக்கே தட்டுமோ,
இன்சுலின் நேரத்துக்கு வாசலுக்கு வருமோ,
அதைத்தான் பாக்கிறாங்களாம்.

பக்கத்துக் கதிரையில ஏறாவூர் யூசுப்லெவ்வை,
அரிசி ஆலைக்காரர், முப்பத்தெட்டு.
"கசக்குதா?"
"கசக்குது. உங்களுக்கு?"
"புளிக்கிற மாதிரியும் கிடக்கு."
மிஸ்ஸிட முதுகைப் பார்த்தோம்.
கப்பை மாத்தினோம்.
ஒரே ஒரு மிடறு.
அதே கசப்பு.
சும்மா மாவையும் கசக்கவச்சிருக்கிறாங்க, கெட்டிக்காரர்.

சிரிப்பு அடங்கினாப் பிறகு வெக்கம் வந்தது.
ஒரு மிடறுதான். எண்டாலும் கணக்கு கணக்குத்தானே.
அம்பது சதம் இடிச்ச இரவில
டிப்போ வாங்கில விடியும் மட்டும் இருந்தவன் நான்.

எட்டாவது குழாய் நிரம்பக்குள்ள சொல்லிப்போட்டேன்.
யூசுப்லெவ்வை சுவரைப் பார்த்தார்.
மிஸ்ஸி பேனையை மூடினா, திரும்பத் திறந்தா.
ரெண்டு பேருக்கும் நேரே சிவப்பில ஒரு கோடு.
"வாற செவ்வாய் திரும்ப வாங்க. வெறும் வயிறு.
ஆளுக்கொரு மூலையில இருத்துவேன்."

வெளியில வாவிக்காத்து. கையில பஞ்சு.
"வாயை வச்சுக்கொண்டு இருக்க ஏலாதா உமக்கு?"
எண்டு ஏசிக்கொண்டே
யூசுப்லெவ்வை ரெண்டு பிளேன்டீ சொன்னார்.
கடைப் பொடியன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு
"சீனி…?" எண்டான்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.