சாக்பீஸ் கணக்கு

டெலித் அந்த ஸ்பிட்ஃபயரை
அறுநூறு பவுண்டுக்கு வாங்கிவந்த அன்று
ஓட்டுகிறவர் காலடியில் தரை இல்லை.
பெடலுக்குக் கீழே வேல்ஸ் தெரிந்தது,
ஈரமாக.

கராஜ் சுவரில் சாக்பீஸ் கணக்கு:
தகரம், பதினொன்று.
கார்புரேட்டர், பழையது, நாற்பது.
பிரேக் குழாய், புதுசு. இதில் பேரம் கூடாது.
முடி வெட்ட, பதினைந்து;
அதை அடித்துவிட்டு மேலே
ஹெட்லைட், ஒன்று.

இடக்கதவு வேறொரு வண்டியுடையது. சிவப்பு.
மற்றதெல்லாம் பாசிப்பச்சை.
பெயின்டுக்குக் காசில்லை என்று சொல்லமாட்டாள்.
"மழையிலும் கதவு எதுவென்று தெரியும்" என்பாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து
ப்ளீச் வாடையோடு வந்து
துரு சுரண்டுவாள்.
சில நாள் சுரண்டச் சுரண்ட
ஓட்டைதான் வளர்ந்தது.

மார்ச்சில் ஒரு மாலை உறுமியது.
சந்துமுனைவரை போய், இருமி, நின்றுவிட்டது.
நான் இறங்கித் தள்ளினேன். சிரிக்கவில்லை, சத்தியமாக.
மேடு தாண்டியதும்
வண்டி என் கையைவிட்டு நழுவியது.
இன்ஜின் செத்துக் கிடக்க
சத்தமே இல்லாமல்
தேவாலயத்தையும் மீன்கடையையும் கடந்து
சரிவில் போனாள் அவள்.

நாற்பது கஜம் இருக்கும்.

அன்று சுவரில் எழுதியது இவ்வளவுதான்:
பிரேக், பிடிக்கிறது.