ஒளித்துச் சுமப்பது

வேலை முடிந்தால் முதலில் மணல் பெட்டி.
குழலை அதற்குள் நீட்டி, உருளையைத் திறந்து,
ஐந்து தோட்டாக்களையும் தட்டில் நிறுத்துகிறேன்.
ஆயுதக் கிடங்கின் கம்பிக்குப் பின்னாலிருந்து
ஹுவீ லிங் எண்ணுகிறாள். பிறகு நானும்.
ஒன்று குறைந்தால் இன்றிரவு யாரும் வீடு போக முடியாது.
கையெழுத்து. நேரம் பத்துப் பத்து.
இடுப்பு இலேசாகிறது. ஆனாலும் என் வலக்கை
அதற்கு இடம்விட்டே வீசுகிறது,
பக்கத்தில் நடக்கிற குழந்தையை இடித்துவிடாமல்
விலகி வீசுவதைப்போல.

பகலெல்லாம் பணப்பெட்டிகளுக்குக் காவல்.
பூன் லே, லேக்சைட், கிளெமெண்டி.
இயந்திரத்தின் வயிற்றில் நோட்டுக்கட்டுகளை அடுக்கும்வரை
கூட்டத்துக்கு முகம் காட்டி நிற்பேன்.
யாருடைய பணமோ.
அதற்கு ஐந்து தோட்டா உண்டு.

எனக்கு உள்ளது ஒரு தாள்.
குடும்ப நீதிமன்றத்தில் தந்தது, நாலாய் மடித்தது.
கஜேந்திரன் என்னை அடிக்கக் கூடாது,
மிரட்டக் கூடாது, பின்தொடரக் கூடாது என்று
நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

டெக்சஸில் இருக்கும் சித்தி மகள் படம் அனுப்பினாள்:
புதுக் கைப்பை. பக்கவாட்டில் இரகசிய ஜிப்,
உள்ளே காந்தம் வைத்துத் தைத்த உறை.
‘எட்டு மணி நேர வகுப்பு, சான்றிதழ் வாங்கிட்டேன்.
உனக்குத்தான் சுடத் தெரியுமே, எதுக்குப் பயப்படுறே?’
இங்கே அதைப் பையில் வைத்தாலே சிறை என்று
தட்டினேன். அழித்தேன். கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினேன்.
என் பையிலும் ஒரு இரகசிய ஜிப் இருக்கிறது.
அதில்தான் அந்தத் தாள்.

சுடத் தெரியும்.
முகமில்லாத காகித மனிதனை ஏழு மீட்டரில்
நெஞ்சு நடுவே துளைக்கத் தெரியும்.
ஆனால் சார்ஜெண்ட் நூர்லிசா முதல் வாரம் முழுக்க
துப்பாக்கியைக் கண்ணில் காட்டவேயில்லை.
கத்தச் சொன்னாள். வயிற்றிலிருந்து, என்றாள்.
எனக்கு வரவில்லை.
பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் அழ
எட்டு வருடம் பழகிய தொண்டை.

இன்று புளோக்கின் கீழ்த்தளத்தில்
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில்
உட்கார்ந்திருந்தான்.
எழுந்தான். முகத்தைப் பார்க்கவில்லை,
இடுப்பைப் பார்த்துச் சிரித்தான்.
‘குடுத்துட்டு வந்துட்டியா?’

கை தானாகப் போனது. அங்கே சட்டைத் துணி.
தூரம் தெரிந்தது: ஏழு மீட்டர், கொஞ்சம் குறைவு.
இவனுக்கு முகம் இருந்தது.
என் மகளுக்கும் அதே மூக்கு.
இருந்திருந்தால்?
இதை எழுதும்வரை எனக்குத் தெரியவில்லை.

கால்கள் தோளகலத்துக்கு விரிந்தன.
‘அங்கேயே நில்!’

தூண்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்லின.
சைக்கிள்களுக்கடியிலிருந்து ஒரு பூனை ஓடியது.
மூன்றாம் மாடியில் விளக்கு. அதற்கு மேல் இன்னொன்று.
யாரோ சீனத்தில் என்னவோ கேட்டார்கள்.
கைலி கட்டிய மலாய்க்காரர் ஒருவர் படியிறங்கி வந்து
ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டார்.
அவன் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு 999 அழைத்தேன்.
என் பெயர், புளோக் எண், ஆணையின் எண்.
துப்பாக்கி எண்ணைப்போல அதுவும் மனப்பாடம்.

போய்விட்டான்.
குரலுக்கா, விளக்குக்கா, அந்தக் கைலிக்கா, தெரியாது.
நாளைக்கும் வரலாம்.

ரோந்துக் காரிலிருந்து இறங்கிய இளைஞன்
தாளைக் கேட்டான். ஜிப்பைத் திறந்தேன்.
மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் அவன் வரிவரியாகப் படிக்கும்வரை
அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
உறையின் பட்டன் சரியாகப் போட்டிருக்கிறதா என்று.