யார் முறை

கோட்டுகளுக்கு அடியில், பூட்ஸ்களுக்குப் பின்னால்
அலமாரி இருட்டில் இருக்கிறது என் சர்வர்:
துறைமுக அலுவலகம் கழித்துக் கட்டிய கணினி,
நாற்பது யூரோ.
நெற்றியில் இன்னும் அவர்கள் ஒட்டிய எண்.

லியபாயாவில் நவம்பர் என்றால் காற்று.
ட்ராம் ஓட்டி முடித்து
நாலு மணிக்கே விழுந்துவிடும் இருட்டில் வீடு திரும்புகிறவன்
என்ன செய்வான்?
கண்டதையெல்லாம் நிறுவினேன்.
பசியோடு சந்தைக்குப் போனவன் பை கனக்காமலா திரும்புவான்?

சொந்தமாக ஒரு தபால் நிலையம் திறந்தேன்.
என் மின்னஞ்சல்கள் அயர்லாந்தில்
தங்கையின் ஸ்பாம் பெட்டிக்குப் போய்
வரிசையாகப் படுத்துக்கொண்டன.
கிறிஸ்துமஸுக்கு அவளே போன் செய்தாள்:
"அப்படி என்ன கோபம் உனக்கு என்மேல்?"
மூடினேன்.

விளக்குகளை சர்வரிடம் ஒப்படைத்தேன்.
அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட இரவில்
வீஸ்மா குளியலறையில், தலை நிறைய நுரை.
இருட்டுக்குள்ளிருந்து வந்த சொற்களை
இங்கே எழுத முடியாது.
விடிந்ததும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக
பழைய சுவிட்சை அவளே மாட்டினாள்.

அறுநூறு சினிமா சேர்த்தேன்.
எதைப் பார்ப்பது என்று தேடித் தேடியே
தூங்கிப்போனோம்.

மின்கட்டணம் வந்த அன்று ஒரு முடிவு.
ஒவ்வொன்றாக அணைப்பது, ஒரு வாரம் காத்திருப்பது,
யார் கேட்கிறார்கள் பார்ப்பது.
உப்பு இல்லையென்றால் நாக்கு கேட்கும்.
நான் அணைத்த எதையும்
எந்த நாக்கும் கேட்கவில்லை.

மிஞ்சியவை: பாஸ்வேர்டுகள்,
பிறகு படங்கள்.
உந்தீனேவுக்கு விழுந்த முதல் பல்,
காளான் பறிக்கப் போய் வழிதவறிய செப்டம்பர்.
அவற்றுக்கும் டிப்போவில் என் லாக்கருக்குள்
ஒரு பிரதி, சாக்ஸில் சுற்றி.

பிப்ரவரியில் டிஸ்க் செத்தது.
சனிக்கிழமை, காலை ஏழு மணி,
கதவைத் தட்டுகிறார் மேல்மாடி ஆர்வீட்ஸ்,
தொப்பியெல்லாம் பனி.
"பட்டியல் வரவில்லையே?"
அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாம் எண் ஸைகா, நாயோடு.
அவளுக்கும் அதே கேள்வி.

எந்தப் பட்டியல்?

அப்புறம்தான் நினைவு வந்தது.
முதல் வாரம், சர்வர் பேசுகிறதா என்று பார்க்க
அரை மணி நேரத்தில் தட்டிப் போட்டது:
எட்டு வீடு, எட்டுப் பெயர்,
வாசல்படிப் பனியை இன்று அள்ளுவது யார்.
முகவரியை ஒரு தாளில் எழுதிக் கீழ்க்கதவில் ஒட்டினேன்.
அதோடு மறந்தும் போனேன்.

லாக்கரிலிருந்து பிரதி வந்து
எல்லாம் மறுபடி எழுந்தபோது
படங்களைத் திறக்கவில்லை, அதைத் திறந்தேன்.
ஜனவரி ஒன்பது, என் பெயர்.
பதினேழு, என் பெயர்.
இருபத்தைந்து.
மூன்றுமே
நான் அலமாரிக்குள் தலையை விட்டுக் கிடந்த நாட்கள்.
மூன்றிலும் 'முடிந்தது' என்ற குறி,
பக்கத்தில் பொடி எழுத்தில்
அள்ளியவர் பெயர்:
ஆர்வீட்ஸ்.
ஸைகா.
வீஸ்மா.

வெளியே மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது.
பனி வாரும் மண்வாரி எங்கே என்று கேட்டேன்.
வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் அவள் சொன்னாள்:
"அலமாரியில்தான்.
இவ்வளவு நாளும்
அதன் மேல்தான் சாய்ந்து நிற்கிறது உன் சர்வர்."