இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே

எனெஸ் வியான் தீவுக்கு ஒரே பாதை,
கடலுக்கடியில் கிடக்கும் கருங்கல் பாதை.
நாளில் சில மணிநேரம்
முதுகைக் காட்டும்; பிறகு மூழ்கிக்கொள்ளும்.

மதாம் கெமெனேர் அதைத்தான்
வியாழக்கிழமைத் தேர்வில் வைத்திருந்தார்:
பாதைமேல் நீரின் உயரம், மீட்டரில்,
t வர்க்கம் கழித்தல் ஏழு t கூட்டல் பத்து.
நண்பகலிலிருந்து t மணி.
பூச்சியத்துக்குக் கீழே அது எப்போது?
ரொட்டி வண்டி எப்போது போகலாம்?

ரொட்டி வண்டி என் மாமா கோல்வெனுடையது.
விடை எனக்கு ரத்தத்திலேயே இருந்திருக்க வேண்டும்.
காரணிப்படுத்தினேன்:
t கழித்தல் இரண்டு, t கழித்தல் ஐந்து.
பெருக்கற்பலன் பூச்சியத்துக்குக் கீழே என்றால்
இரண்டையுமே கீழே தள்ளிவிட்டால் ஆயிற்று!
t இரண்டைவிடச் சிறிது, t ஐந்தைவிடச் சிறிது
என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.
சிவப்பு மையில் ஒரு வரி வந்தது:
"நண்பகலில் போய்ப் பார், மவ்தேஸ். பத்து மீட்டர்."

இரண்டு குறைகள் கைகோத்தால் மிகை.
ஒன்று மிகை, ஒன்று குறை என
முகம் திருப்பி நின்றால்தான்
கடல் விலகும்.
மூன்றை மட்டும் வைத்துப் பார்த்திருக்கலாம்:
ஒன்பது, கழித்தல் இருபத்தொன்று, கூட்டல் பத்து.
கழித்தல் இரண்டு.
பாதை உலர்ந்து கிடக்கிறது, குறுக்கே நண்டு ஓடுகிறது.

எனோரா தீவுக்காரி. சரியாகத்தான் எழுதினாள்.
ஆனால் எண்கோட்டில்
இரண்டின் வட்டத்தையும் ஐந்தின் வட்டத்தையும்
மையால் நிரப்பிவிட்டாள்.
அரை மதிப்பெண் போயிற்று.
"ஐந்து மணிக்கு நீர் பூச்சியம்.
பூச்சியத்தில் சக்கரம் நனையுமா?" என்றாள்.
"குறியைப் பார். அலகின் கீழே கோடு இல்லை" என்றார் மதாம்.
அந்த இல்லாத கோட்டுக்காக
வகுப்பு இரண்டு கட்சியானது.
கடைசி பெஞ்சு தெனெஸ் மட்டும் கேட்டான்,
"t இருபத்துநான்கானால்?"
நானூற்றுப் பதினெட்டு மீட்டர்.
மாதா கோயில் மணிக்கூண்டின் மேல் திமிங்கிலம்.
கடல் பரவளையம் அல்ல என்று மதாம் ஒப்புக்கொண்டார்;
பிற்பகலில் மட்டும், தேர்வுக்காக, அப்படி நடிக்கிறது.

ஓத அட்டவணை இரண்டு, ஐந்து என்றே சொன்ன
ஒரு சனிக்கிழமை,
மாமா நாலு ஐம்பதுக்குக் கிளம்பினார்.
நாலு ஐம்பது இடைவெளிக்குள்தான் இருந்தது.
எந்தத் தேர்விலும் முழு மதிப்பெண்.
ஆனால் பாதையின் நீளம் இருபது நிமிடம்,
அதைக் கேள்வியில் யாரும் கொடுக்கவில்லை.

கடைசி வளைவில் நீர் என்ஜினை அணைத்தது.
மாமா கூரைமேல் ஏறி நின்று
கடலைப் பிரெத்தோனில் திட்டினார்.
பின்கதவு திறந்துகொள்ள
அறுபது ரொட்டிகள்,
வரிசை குலையாமல்,
தாமே தீவை நோக்கிப் புறப்பட்டன.
கரையில் நின்ற எனோரா ஒன்றைப் பிடித்து
உப்பு சொட்டக் கடித்துவிட்டுச் சொன்னாளாம்:
"இதோ என் அரை மதிப்பெண்."

எட்டாம் நாள் பிறை வாரம். கடல்
முழுதாய் ஏறாது, முழுதாய் வற்றாது.
அடுத்த தேர்வு:
t வர்க்கம் கழித்தல் நாலு t கூட்டல் ஐந்து,
பூச்சியத்துக்குக் கீழே.
காரணி தேடினேன், இல்லை.
தன்மைகாட்டி பதினாறு கழித்தல் இருபது.
வளைகோடு இறங்குகிறது, இறங்குகிறது,
ஒரு மீட்டர் மிச்சமிருக்கையில்
மனம் மாறித் திரும்பி ஏறுகிறது.
தாளை வெறுமையாய் விடத்தான் கை வந்தது.
விடவில்லை. எழுதினேன்:
எந்த மணியிலும் முடியாது.
வெறும் தாளுக்குப் பூச்சியம், இதற்கு நாலு மதிப்பெண்.

அந்த வாரம் தீவில் பிஸ்கட் தின்றார்கள்.